லான் பவுல்ஸ் கலைச்சொற்கள்: எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது?

நெல்லைக் கதிர்:

அனைவருக்கும் வணக்கம். 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளின் லான் பவுல்ஸில் (புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் விளையாட்டு) லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்க்கி ஆகியோர் கொண்ட இந்திய மகளிர் நால்வர் அணி, தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தின் பதிவை அண்மையில் முழுமையாகப் பார்த்தேன். ஆட்டம் என்னை முழுவதுமாக ஈர்த்துவிட்டது. ஆனால், வர்ணனையில் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. "ஜாக் ஹை", "டச்சர்", "ஹோல்டிங் டூ", "நேரோ", "பேக்ஹேண்ட்" என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றின் பொருளைத் தேடிப் படிப்பதற்குள் அடுத்த பந்து உருண்டு முடிந்துவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியல்கள் அகர வரிசையில் இருப்பதால் எது அடிப்படை, எது பிறகு படித்துக்கொள்ளத் தக்கது என்று தெரியவில்லை. விளையாடிப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கலைச்செல்வி (மெல்பர்ன்):

அன்புள்ள கதிர் தம்பிக்கு, இங்கே மெல்பர்னில் ஏறக்குறைய ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பவுல்ஸ் மன்றம் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது "பயஸ்" என்ற ஒரே சொல்லைத்தான். அது புரியாதவரை மற்றச் சொற்கள் எதுவும் மனத்தில் தங்குவதில்லை.

இந்த விளையாட்டின் பந்து முழு உருண்டை அன்று. அதன் இரு பக்கங்களும் ஒரே அளவு வளைவு கொண்டவையும் அல்ல. ஆகவே உருளும் பந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்து செல்கிறது. அந்தச் சாய்வே பயஸ். முற்காலத்தில் லிக்னம் வைட்டே என்னும் மிகக் கனமான மரத்தில் பந்துகளைக் கடைந்தார்கள். ஒரு பக்கம் ஈயம் வைக்கும் வழக்கமும் இருந்தது. இன்றைய பந்துகளுக்குள் அப்படி எந்த எடையும் இல்லை. வளைவு முழுவதும் வெளி வடிவத்தால் மட்டுமே உண்டாகிறது. தரையில் உருட்டிவிட்ட நாணயம் வேகமாக ஓடும்போது நேராகவும், வேகம் தளர்ந்ததும் ஒரு பக்கமாகவும் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். பவுல்ஸ் பந்தும் அப்படித்தான், கடைசிச் சில மீட்டர்களில்தான் தன் வளைவின் பெரும்பகுதியைக் காட்டும்.

பந்தை எடுத்துப் பார்த்தால் இரு பக்கமும் வட்டச் சின்னம் பொறித்திருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறிய வட்டம் உள்ள பக்கமாகத்தான் பந்து வளையும். வலக்கைக்காரர் வலப்புறமாக அனுப்பி, அது இடப்புறம் வளைந்து இலக்கை அடையச் செய்தால் "ஃபோர்ஹேண்ட்". அப்போது சிறிய வட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டும். இடப்புறமாக அனுப்பி வலப்புறம் வளையச் செய்தால் "பேக்ஹேண்ட்". சிறிய வட்டம் வலப்பக்கம். டென்னிஸில் கையைத் திருப்புவது போன்ற எதுவும் இங்கு இல்லை, கையின் வீச்சு இரண்டிலும் ஒன்றே. இடக்கைக்காரருக்கு இவை தலைகீழாக மாறும். பந்தைத் திருப்பிப் பிடித்துவிட்டால் அது எதிர்த்திசையில் வளைந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் பகுதிக்குள் போய்விடும். அதற்கு "ராங் பயஸ்" என்று பெயர். அனுபவம் மிக்கவர்களும் உருட்டுவதற்கு முன் கட்டைவிரலருகே உள்ள வட்டத்தை ஒரு கணம் குனிந்து பார்ப்பதைப் பதிவில் நீங்கள் கவனிக்கலாம்.

முருகையா (ஈப்போ):

கலைச்செல்வி அம்மா சொன்னது ஆடக் கற்பவருக்கு மிகச் சரி. ஆனால் கதிர் கேட்பது பார்வையாளராக இருந்து பின்தொடர்வதற்கு. அவருக்கு முதலில் வேண்டியது யார் முந்தி நிற்கிறார்கள் என்று திரையைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிவது. எனவே "ஜாக்", "எண்ட்", "ஹெட்", "ஷாட்" என்ற நான்கையும் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஜாக் என்பது சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் பந்து. விட்டம் ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். அதற்கு வளைவு கிடையாது, நேராகவே உருளும். விளையாட்டின் நோக்கம் முழுவதும் அதற்கு அருகில் தன் பந்துகளை நிறுத்துவதே. முதலில் ஆடுபவர் தரையில் விரித்த ஒரு சிறு பாயின் மீது நின்று ஜாக்கை உருட்டுவார். அது பாயின் முன்விளிம்பிலிருந்து குறைந்தது 23 மீட்டராவது போக வேண்டும். பிறகு அதை ஆட்டப்பகுதியின் நடுக்கோட்டுக்கு நகர்த்தி வைப்பார்கள். அந்த ஆட்டப்பகுதிக்கு "ரிங்க்" என்று பெயர். ஒரு புல்தரையில் இப்படிப் பல ரிங்குகள் அடுத்தடுத்து இருக்கும். இரு அணியும் மாறி மாறி எல்லாப் பந்துகளையும் உருட்டி முடித்தால் ஓர் எண்ட் நிறைவு. அடுத்த எண்ட் எதிர்த்திசையில் தொடங்கும். கதிர் பார்த்த ஆட்டம் 15 எண்ட் கொண்டது. நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்துகள். ஆக, ஓர் எண்டில் 16 பந்துகள். ஜாக்கையும் அதைச் சுற்றி நிற்கும் பந்துகளையும் சேர்த்து ஹெட் என்பார்கள்.

கணக்கு மிக எளிது. எண்ட் முடிந்தபின் ஜாக்குக்கு மிக அருகில் எந்த அணியின் பந்து இருக்கிறதோ, அந்த அணி மட்டுமே புள்ளி பெறும். எதிரணியின் மிக அருகிலுள்ள பந்தைவிட அவர்களுடைய எத்தனை பந்துகள் நெருங்கி நிற்கின்றனவோ அத்தனை ஷாட். முதல் இரண்டும் இந்தியப் பந்துகள், மூன்றாவது தென்னாப்பிரிக்கப் பந்து என்று வையுங்கள். இந்தியாவுக்கு 2. நான்காவது முதல் எட்டாவது வரை எல்லாம் இந்தியப் பந்துகளாகவே இருந்தாலும் கணக்கு 2தான். எண்ட் முடிவதற்கு முன்பே அந்த நிலையை வர்ணனையாளர் சொல்வதுதான் "ஹோல்டிங் டூ". அதாவது இப்போதே நிறுத்தினால் இரண்டு கிடைக்கும். ஆனால் இன்னும் பந்துகள் மீதம் இருக்கின்றன.

"ஜாக் ஹை" உயரத்தைக் குறிப்பதன்று. பாயிலிருந்து பார்க்கும்போது ஜாக் இருக்கும் அதே தொலைவை எட்டி, அதற்குப் பக்கவாட்டில் நிற்கும் பந்து அது. ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் ஜாக் ஹைதான்.

கலைச்செல்வி (மெல்பர்ன்):

முருகையா ஐயா, ஷாட் கணக்கை முதலில் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு ஒவ்வொரு பந்தும் தற்செயலாக நின்றது போலவே தோன்றும். ஆட்டக்காரர் ஏன் ஜாக்கை நோக்கி உருட்டாமல் வெகு தூரம் வெளியே பார்த்து உருட்டுகிறார் என்ற கேள்விக்கு விடை பயஸ் மட்டுமே. வர்ணனையாளர்கள் ஓயாமல் சொல்லும் நான்கு சொற்களும் அதிலிருந்தே வருகின்றன.

உருட்டுபவர் இரண்டே முடிவுகளை எடுக்கிறார்: எந்தக் கோட்டில் அனுப்புவது, எவ்வளவு விசையோடு அனுப்புவது. கோட்டை "லைன்" அல்லது "கிரீன்" என்பார்கள், விசையை "வெயிட்" என்பார்கள். "மோர் கிரீன்" என்று தோழி கத்தினால் இன்னும் வெளியே பார்த்து அனுப்பு என்று பொருள். வெளியே போதிய அளவு கொடுக்காததால் பந்து ஜாக்கைக் கடந்து மறுபக்கம் வளைந்துவிட்டால் "நேரோ". அளவுக்கு மீறிக் கொடுத்ததால் ஜாக் வரை திரும்பி வராமல் நின்றுவிட்டால் "வைட்". விசை குறைந்தால் "ஷார்ட்", மிகுந்தால் "ஹெவி". இந்த நான்கும் தெரிந்தால் ஒவ்வொரு பந்தும் எதில் தவறியது என்று உங்களாலேயே சொல்ல முடியும். முதல் பந்து நேரோ என்றால் அதே ஆட்டக்காரர் இரண்டாவது பந்தில் என்ன மாற்றம் செய்கிறார் என்று பாருங்கள். ஆட்டத்தின் சுவை எனக்கு அங்கேதான் இருக்கிறது.

புல்தரையின் வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எல்லோரையும் குழப்பும். பாயிலிருந்து ஏறத்தாழ 27 மீட்டரில் வந்து நிற்கும் ஒரு பந்து, கையை விட்டதிலிருந்து நிற்கும்வரை எடுத்துக்கொள்ளும் விநாடிகளே தரையின் வேகம். எனவே எண் கூடக் கூடத் தரை வேகமானது. ஏன் என்றால், வழுக்கும் தரையில் மெதுவாக உருட்டினாலே பந்து அந்தத் தூரத்தை எட்டிவிடும்; மெதுவாக உருள்வதால் நேரம் அதிகம் ஆகும். நேரம் அதிகமாவதால் வளைவும் அதிகமாகும். எங்கள் ஊரில் 14 விநாடிக்கு மேற்பட்ட தரைகள் சாதாரணம். இங்கே ஆடிப் பழகியவர் தரையின் ஓரம் வரைகூடப் பார்த்து உருட்டுவார்.

ஆதவன் (கவெண்ட்ரி):

வணக்கம். நான் இலங்கையிலிருந்து வந்து இங்கிலாந்தில் வசிப்பவன். அந்த இறுதி ஆட்டம் நடந்த லெமிங்டன் ஸ்பாவின் விக்டோரியா பூங்கா எமக்குப் பக்கத்து ஊர். இங்கே புல் ஈரமும் கனமும் கொண்டது. 10 அல்லது 12 விநாடித் தரைகளே வழமை. கலைச்செல்வி அக்கா சொன்ன காரணத்தால் இங்கு வளைவு குறைவு, உருட்டும் விசை அதிகம். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருந்து வரும் அணிகள் லெமிங்டனில் முதலில் பழக வேண்டியது இதைத்தான். வர்ணனையில் "ஹெவி கிரீன்" என்று கேட்டால், பந்து ஓட மறுக்கும் மெதுவான தரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பற்றிச் சொல்லும் ஹெவியோடு இதைக் குழப்பிவிட வேண்டாம்.

நால்வரின் பெயர்களைக் கதிர் சரியான வரிசையிலேயே எழுதியிருக்கிறார், அதுவே ஆடிய வரிசையும் ஆகும். முதலில் ஆடுபவர் "லீட்". பாயை விரிப்பதும் ஜாக்கை உருட்டுவதும் அவர் பொறுப்பு. லவ்லி சௌபே செய்தது அதுவே. அடுத்தவர் "செகண்ட்", பிங்கி. மூன்றாமவர் "தேர்ட்", நயன்மோனி சைகியா. எண்ட் முடிந்ததும் எதிரணியின் தேர்டோடு சேர்ந்து ஷாட்டுகளைக் கணிப்பவர் பெரும்பாலும் இவர். கடைசியாக ஆடுபவர் "ஸ்கிப்", அணித்தலைவர் ரூபா ராணி டிர்க்கி. மற்ற மூவரும் உருட்டும்போது ஸ்கிப் மறுமுனையில் ஹெட்டின் அருகே நின்று எந்தப் பக்கம், எவ்வளவு விசை என்று கையால் காட்டுவார். தன் முறை வந்ததும் அவர் பாய்க்கு நடந்து வர, தேர்ட் ஹெட்டுக்குப் போய் அவருக்கு வழி சொல்வார். ஆட்டக்காரர்கள் ஏன் இவ்வளவு நடக்கிறார்கள் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் பார்த்தவர்களுக்கு லீட், ஸ்கிப், எண்ட், டிரா, கார்டு எல்லாம் முன்பே அறிமுகமாகியிருக்கும். இரண்டு விளையாட்டுகளையும் ஒழுங்குபடுத்தியதில் ஸ்கொட்லாந்துக்குப் பெரும் பங்கு உண்டு. பவுல்ஸின் விதிகளை 1849இல் தொகுத்தவரும் கிளாஸ்கோவின் வில்லியம் மிட்செல்தான்.

ஓர் எச்சரிக்கை. வட இங்கிலாந்தில் "கிரவுன் கிரீன்" என்ற வேறொரு வகை ஆடப்படுகிறது. தரையின் நடுப்பகுதி மேடாக இருக்கும், எந்தத் திசையிலும் ஆடலாம், அங்கே ஜாக்குக்கும் பயஸ் உண்டு. அந்த விளக்கப் பக்கங்களைப் படித்துவிட்டு காமன்வெல்த் ஆட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும். நீங்கள் தேட வேண்டியது "ஃபிளாட் கிரீன்".

நெல்லைக் கதிர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று முதல் ஐந்து எண்டுகளை மீண்டும் பார்த்தேன். நேரோ, வைட் என்று சொல்வதற்கு முன்பே பல இடங்களில் என்னால் ஊகிக்க முடிந்தது. ஆனால் வேறோர் ஆட்டத்தின் துணுக்கில், ஜாக்கைத் தட்டிவிட்டுத் தரையின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த பந்தை அப்படியே விட்டுவைத்தார்கள். பின்னர் அதே பள்ளத்தில் விழுந்த இன்னொரு பந்தை மட்டும் எடுத்துக் கரையில் வைத்துவிட்டார்கள். இந்த வேறுபாடு ஏன்?

முருகையா (ஈப்போ):

இதுதான் டச்சர். தரையைச் சுற்றி ஆழம் குறைந்த ஒரு பள்ளம் இருக்கும், அதற்கு "டிட்ச்" என்று பெயர். அதற்கு அப்பால் எழும் கரை "பேங்க்". சாதாரணப் பந்து டிட்ச்சில் விழுந்தால் அது செத்த பந்து, "டெட் பவுல்". எடுத்துக் கரையில் வைத்துவிடுவார்கள். ஆனால் உருட்டப்பட்ட அதே ஓட்டத்தில் தரையின் மீது ஜாக்கைத் தொட்ட பந்து டச்சர் ஆகிவிடுகிறது. அது ரிங்கின் எல்லைக்குள் டிட்ச்சில் விழுந்தாலும் உயிரோடு இருக்கும், ஷாட் கணக்கிலும் சேரும். மற்றப் பந்துகளின் மேல் மோதித் திரும்பி வந்து ஜாக்கைத் தொட்டாலும் அதே ஓட்டம்தான், டச்சர்தான்.

கோலாலம்பூரில் 1998 காமன்வெல்த் பவுல்ஸ் ஆட்டங்கள் நடந்த புக்கிட் கியாராவுக்கு நான் அவ்வப்போது ஆட்டம் பார்க்கப் போவதுண்டு. ஒரு பந்து ஜாக்கை உரசியதும், அது நின்ற கணத்தில் ஹெட்டருகே இருப்பவர் சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, பந்து அசையாதபடி மெல்லக் குனிந்து, அதன் மேல் ஒரு கோடு போடுவார். சிலர் தூவும் சுண்ணத்தைப் பயன்படுத்துவார்கள். தொலைக்காட்சியில் பந்தின் மேல் வெள்ளைக் கீறல் தெரிந்தால் அது டச்சர் என்று உடனே அறிந்துகொள்ளலாம். அடுத்த முறை உருட்டுவதற்கு முன் அதைத் துடைத்துவிட வேண்டும்.

பந்து சாவதற்கு வேறு வழிகளும் உண்டு: பாயின் முன்விளிம்பிலிருந்து 14 மீட்டரைக்கூட எட்டாமல் நிற்பது, ரிங்கின் பக்க எல்லைக்கு வெளியே போய் நிற்பது. வளைந்து செல்லும் வழியில் எல்லையைத் தாண்டி மீண்டும் உள்ளே வந்து நின்றால் குற்றமில்லை.

வாணி (கோவை):

இடையில் ஒரு கருத்து. ஜாக்கே டிட்ச்சில் விழுந்துவிட்டால் அந்த எண்ட் செல்லாது, மீண்டும் ஆட வேண்டும் என்று நான் படித்த நினைவு. அப்படியானால் டச்சருக்கு என்ன பயன்?

முருகையா (ஈப்போ):

இல்லை அம்மா. ரிங்கின் எல்லைக்குள் டிட்ச்சில் விழுந்த ஜாக் உயிரோடுதான் இருக்கிறது, ஆட்டம் தொடரும். பக்க எல்லைக்கு வெளியே போனால் ஜாக் செத்தது, அப்போது அது "டெட் எண்ட்". அதையும் மீண்டும் ஆடுவதா, வேறு விதமாகத் தீர்ப்பதா என்பது அந்தந்தப் போட்டியின் விதியைப் பொறுத்தது. ஜாக் டிட்ச்சில் கிடக்கும்போது ஆட்டம் மிகச் சுவையாகிவிடும். டச்சர் அல்லாத பந்துகள் விளிம்பை ஒட்டித் தரையிலேயே நிற்க வேண்டும், ஓர் அங்குலம் மிகுந்தால் விழுந்து செத்துவிடும். டிட்ச்சில் விழுந்து அங்கே ஜாக்கைத் தொட்டாலும் அது டச்சர் ஆகாது.

ஆதவன் (கவெண்ட்ரி):

முருகையா ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏற்கெனவே நின்றுவிட்ட பந்தின் மேல் ஜாக் உருண்டு வந்து மோதினால் அந்தப் பந்து டச்சர் அன்று. வேறொரு பந்து தள்ளிவிட்டதால் போய் ஜாக்கைத் தொட்டாலும் டச்சர் அன்று. பந்து தன் ஓட்டத்திலேயே தொட்டிருக்க வேண்டும்.

உருட்டும் வகைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கருகே வந்து நிற்கும் அளவுக்கு மட்டும் விசை கொடுப்பது "டிரா". ஆட்டத்தின் பெரும்பகுதி இதுதான், இதில் வல்லவர்களே வெல்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஹெட்டைச் சற்றே கலைக்க, ஜாக்கைத் தாண்டி ஒரு கெஜம் போகும் விசையில் அனுப்புவது "யார்ட் ஆன்". ஜாக்கைத் தன்னோடு சேர்த்துப் பின்னால் நகர்த்திக்கொண்டு போவது "டிரெயில்". முழு விசையோடு விட்டு ஹெட்டையே சிதறடிப்பது "டிரைவ்"; வேகம் அதிகமாதலால் பந்து அப்போது ஏறத்தாழ நேராகப் போகும். பயஸை முதலில் படிக்கச் சொன்ன அக்காவின் வாதத்துக்கு இது இன்னொரு சான்று. தன் ஷாட்டுக்கு முன்னால் எதிரியின் வழியை மறித்து நிறுத்தும் பந்து "கார்டு". வேறொரு பந்தில் பட்டுத் திசை மாறுவது "விக்". ஜாக்குக்குப் பின்னால் வேண்டுமென்றே நிறுத்தும் "பேக் பவுல்" தொடக்கத்தில் வீணாகத் தெரியும். ஜாக் டிரெயிலாகிப் பின்னால் போகும்போது அந்தப் பந்தே ஷாட் ஆகிவிடுவதைக் காண்பீர்கள். ஆகவே ஒரு பந்து ஹெவியாகப் போனதும் அதை வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹெட்டின் பின்புறம் யாருடைய பந்துகள் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். டிரைவ் போடத் துணியும் ஸ்கிப் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

நெல்லைக் கதிர்:

பேக் பவுல் விளக்கம் எனக்குப் பெரிய திறப்பு. இவ்வளவு நாள் அவற்றைத் தவறிப்போன பந்துகள் என்றே எண்ணியிருந்தேன். கடைசியாக ஒரு கேள்வி. சில எண்டுகளில் இரு பந்துகள் ஒரே தொலைவில் இருப்பது போலத் தெரிந்தும் நடுவில் யாரும் அளப்பதில்லை. எண்ட் முடிந்த பிறகும் சில வேளை உடனே நாடாவை எடுக்காமல் காத்திருக்கிறார்கள். ஏன்?

கலைச்செல்வி (மெல்பர்ன்):

எண்ட் நடந்துகொண்டிருக்கும்போது அளப்பதற்கு விதி இடம் தரவில்லை. கண்ணால் மட்டும் மதிப்பிடலாம். ஆகவே ஹெட்டருகே நிற்பவர் பாய்க்கு அனுப்பும் செய்தியில் ஐயம் இருந்தால் "கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது, மெஷர்" என்பார். எண்ட் முடிந்தபின் ஜாக்கின் மிக நெருங்கிய புள்ளியிலிருந்து பந்தின் மிக நெருங்கிய புள்ளி வரை நாடாவை நீட்டி அளப்பார்கள். இரண்டும் மிகச் சரியாகச் சமம் என்றால் எவருக்கும் ஷாட் இல்லை; அது "டைடு எண்ட்", ஆயினும் ஆடிய எண்டாகவே கணக்கில் சேரும்.

காத்திருப்பதற்குக் காரணம் சாய்ந்து நிற்கும் பந்து. ஒரு பந்து மற்றொன்றின் மேல் சாய்ந்தபடி நின்றால், எந்த நேரமும் விழுந்து ஜாக்கை நோக்கி ஒரு விரற்கடை நகரலாம். எனவே கடைசிப் பந்து நின்றதிலிருந்து 30 விநாடி காத்திருக்குமாறு கேட்க எந்த அணிக்கும் உரிமை உண்டு. அதற்குள் விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே அளப்பார்கள். உருண்டு நின்ற கடைசிப் பந்தே அப்படிச் சாய்ந்து ஜாக்கைத் தொட்டால் அது டச்சராகவும் ஆகிவிடும். நேரம் முடிந்தும் விழாவிட்டால் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்திவிட்டு நாடாவை எடுப்பார்கள்.